பகல்நேர வில்லி

கணவர் பேருந்துப் பணிமனைக்கும் மகள் கல்லூரிக்கும் போன பிறகு, சன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டு, இன்றைக்கு யாராக இருக்கலாம் என்று அவள் யோசிக்கிறாள். வெளிச்சம் முழுதாக இருந்தால் யாரும் வர மாட்டார்கள். அடியோடு இருட்டிவிட்டாலும் வர மாட்டார்கள். முகம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவு போதும். தேநீர் ஆறுவதற்குள் யாராவது ஒருவர் வந்து சன்னல் விளிம்பில் உட்கார்ந்துவிடுவார்.

நேற்று வந்தவன் மாமியார் வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கத் துடிக்கும் மருமகன். அதற்கு முந்தின நாள், பக்கத்து வீட்டு நாயின் குரைப்பில் தூக்கம் கெட்டுப்போன ஒரு கணக்காசிரியர். இன்று வந்திருப்பவனுக்கு வயது முப்பதுக்குள். முதலாளியின் கையெழுத்தை அச்சு அசலாகப் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் அவனுக்கு. அவள் உடனே அவனைப் பேசவிடுவதில்லை. முதலில் அவன் சட்டைக் காலரைப் பார்க்கிறாள். செருப்பு கடிக்கிறதா என்று பார்க்கிறாள். காலையில் யாரிடம் திட்டு வாங்கினான், மதியம் சாப்பிட்டானா என்று விசாரிக்கிறாள். எல்லாம் தெரிந்த பிறகுதான் கணினியைத் திறந்து, அவன் குரலில், அவன் அவசரத்தில், எந்திரத்திடம் கேட்கத் தொடங்குகிறாள்.

இதுதான் அவள் வேலை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு எந்திரம் ஒன்றை ஊருலகத்தின் கையில் கொடுப்பதற்கு முன்னால், கெட்ட எண்ணத்தோடு வருகிறவர்களிடம் அது ஏமாறுகிறதா என்று சிலர் சோதித்துப் பார்க்கிறார்கள். அவள் அவர்களில் ஒருத்தி. எந்திரம் ஏமாறாவிட்டால் அடுத்த ஆளைக் கூட்டி வருகிறாள். ஏமாந்துவிட்டால், அது எப்படிப் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று கீழே எழுதி வைக்கிறாள். அவள் எழுதியதைப் பார்த்து எந்திரம் கற்றுக்கொள்கிறது என்று சொல்கிறார்கள். அது எங்கே உட்கார்ந்து கற்றுக்கொள்கிறது என்பதை அவள் பார்த்ததில்லை.

"கெட்டவன் யாரும் கெட்டவனா வர்றதில்ல," என்பாள். "களைச்சுப் போனவனா வருவான். அதான் கண்டுபிடிக்கறது கஷ்டம்."

வீட்டில் அவளுக்கு வில்லி என்று பெயர். வைத்தவர் கணவர். அப்படி ஒரு பெயருக்கு அவளைவிடப் பொருத்தமில்லாத ஆளைத் தேடிப்பிடிக்க முடியாது. நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் "சாரி" என்கிறவள். வரிசையில் நின்றால் பின்னால் வருகிறவர்களை ஒவ்வொருவராக முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் வெறுங்கையோடு திரும்புகிறவள். குரல் எழும்பவே எழும்பாது. தொலைபேசியில் அவள் தங்கை அலுத்துக்கொள்வாள்: "அக்கா, நீ பேசறியா, மூச்சு விடறியா? ரெண்டுல ஒண்ண சத்தமாப் பண்ணு."

அந்தக் குரலுக்கும் ஒரு காலத்தில் வேலை இருந்தது. ஒரு பெரிய மருத்துவமனையின் பின்பக்கத்தில் நஞ்சுத் தகவல் மையம் என்று நீளமான அறை ஒன்று உண்டு. சுவர் முழுக்க மருந்துப் பட்டியல்கள், மேசைமேல் தொலைபேசிகள், ஓயாமல் தலையாட்டும் ஒரு மின்விசிறி. வேதியியல் படித்துவிட்டு அவள் அங்கேதான் சேர்ந்தாள். பாப்பா சோப்பை விழுங்கிவிட்டாள், அப்பா மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிட்டார் என்று பதறிக்கொண்டு கூப்பிடுவார்கள். "பாப்பா இப்ப அழறாளா, சிரிக்கறாளா?" என்று அவள் முதலில் கேட்பாள். எந்தப் பதில் வந்தாலும், அதைச் சொல்வதற்குள் கூப்பிட்டவரின் மூச்சு ஒரு நிலைக்கு வந்துவிடும்.

பதற்றமே இல்லாத அழைப்புகளும் உண்டு. ஒருநாள் மதியம் ஓர் ஆண் குரல், கடையில் விலை கேட்பதைப் போலக் கேட்டது: "இந்த மாத்திரை எத்தனை கொடுத்தா பூனைக்கு ஆபத்துங்க?" அவள் பட்டியலைத் தேடக் கையை நீட்டினாள். பாதி வழியில் கை நின்றுவிட்டது. "பூனை பேரு என்னங்க?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் குளிர்சாதனப் பெட்டி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் யாரோ அழுகிற சத்தம். சன்னல் வெயில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நகரும்வரை அவள் அந்த அழைப்பை வைக்கவில்லை. பூனை என்று ஒன்று இருந்ததா என்பது கடைசிவரை தெரியாது.

பிறகு அந்த அறையை மூடிவிட்டார்கள். அதே எண்ணில் பதிவு செய்த குரல் ஒன்று வந்தது. மருந்து என்றால் ஒன்றை அழுத்தவும், பூச்சி என்றால் இரண்டை அழுத்தவும். ஒரு நாள் அவளே வீட்டிலிருந்து கூப்பிட்டுக் கேட்டாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கேயும் அது நிற்கவில்லை. எதிரே ஒருவர் தயங்குவதற்கு அதில் இடமே வைக்கவில்லை. இனிமேல் இந்த மாதிரிக் குரல்களிடம்தான் எல்லோரும் கேட்கப்போகிறார்கள் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் ஒரு மழைநாள் ஈரம்போல உள்ளே இறங்கிவிட்டது. பிறகு காயவே இல்லை.

அந்தக் குரல்களுக்குத் தயங்கக் கற்றுக்கொடுக்கிற வேலை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு வந்துதான் இந்த வில்லி வேலை கிடைத்தது. இதில் அவள் ஒரு மதில்வரை போகலாம். எந்திரம் விழுந்தது என்று சொல்லலாம். ஏன் விழுந்தது, அடுத்த தடவை விழாமல் இருக்க அதற்குள் எதை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம். ஏ.ஐ. பாதுகாப்பு ஆய்வு என்று அதற்குப் பெயர். அங்கே இருப்பவர்கள் எப்படி இருப்பார்கள் என்று பாத்திரம் துலக்கும்போது நினைத்துக்கொள்வாள். பெரிய சன்னல்கள், தாழ்ந்த குரல்கள், எல்லோரும் ஒரே திசையில் பார்த்து யோசிக்கிற ஓர் அறை. அந்த அறையில் தன் நாற்காலி எந்த மூலையில் இருக்கும் என்பதுவரை அவளுக்குத் தெரியும். கதவு எங்கே என்பதுதான் தெரியாது.

தட்டிப் பார்க்காமல் இல்லை. ஆய்வு செய்து பழக்கம் உள்ளவர்களைத்தான் எடுப்போம் என்றார்கள். பழக்கத்துக்கு எங்கே போவது என்றால், பயிற்சிக்கு வாருங்கள் என்றார்கள். பயிற்சிக்கு எழுதினால், ஏற்கெனவே ஆய்வு செய்தவர்களுக்கு முன்னுரிமை என்றார்கள். அதைப் படித்துக் காட்டியபோது கணவர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னு சொல்ற கதையால்ல இருக்கு?"

"எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே."

"ஆச்சு சரி. தெளிஞ்சுதா?"

"எங்க."

அவர் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எப்போது வர வேண்டும் என்று காகிதத்தில் ஊரை ஓட்டுகிறவர். பலன் கண்ணுக்குத் தெரியாத வேலை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "பஸ் ஏன் லேட்டுன்னு கேக்க ஊரே வரும். பஸ் சரியா வந்துச்சே, எப்படின்னு கேக்க இதுவரைக்கும் ஒருத்தன் வந்ததில்ல," என்பார். வந்தால் தேநீர் வாங்கிக் கொடுப்பதாக ஒரு வேண்டுதல்கூட வைத்திருக்கிறார்.

வாரக் கடைசியில் இணையத்தில் ஏ.ஐ. பாதுகாப்பைப் பற்றி ஒரு படிப்பு வட்டம் கூடும். திரையில் சின்னச் சின்னச் சதுரங்கள். சதுரத்துக்கு ஒரு முகம். முகத்துக்கு ஒரு நாடு. எல்லோருக்கும் அவள் மகள் வயது. அவள் மட்டும் தன் முகத்தை மூடி வைத்திருப்பாள். பின்னால் சமையலறை அலமாரி தெரியும் என்பது காரணம். சொல்ல வேண்டியது தொண்டைவரை வரும். அதற்குள் இன்னொரு சதுரம் பேசத் தொடங்கிவிடும். ஒருமுறை ஓர் இளைஞன் நல்ல மனதோடு வழி சொன்னான். இந்த வேலையெல்லாம் நடக்கிற ஒரு நகரம் இருக்கிறது, அங்கே போய் ஆறு மாதம் இருங்கள், நாலு பேரோடு காபி குடியுங்கள், வேலை தானாக வரும்.

காபி குடித்தால் வேலை வருகிற ஊர். அன்று முழுவதும் அவள் அந்த ஊரில் நடந்தாள். துணி மடித்துக்கொண்டே அதன் தெருக்களைக் கடந்தாள். அங்கே சாயங்காலம் மெதுவாக வந்தது. கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் எல்லோரும் ஒருவரையொருவர் முன்பே தெரிந்தவர்களாக இருந்தார்கள். அவள் ஒரு கதவைத் தள்ளினாள். மகளின் காலுறை ஒன்று ஜோடியில்லாமல் கையில் இருந்தது.

இந்த வசந்தத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. பாதுகாப்பு ஆய்வகம் ஒன்றில் பயிற்சி ஆய்வாளர் இடம். ஓராண்டு. வீட்டிலிருந்தே செய்யலாம். பட்டம் வேண்டாம், வயது வேண்டாம், முன் அனுபவம் வேண்டாம். இரண்டே இரண்டு வேண்டும்: நீங்கள் செய்த வேலையில் ஒரு மாதிரி, அந்த வேலையைப் பார்த்த ஒருவரின் சான்று. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அவள் அதை நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு உட்கார்ந்தாள். இதற்குமேல் அகலமாக ஒரு கதவை யாரும் திறந்து வைக்கப்போவதில்லை. அந்தக் கதவுக்குள்ளும் அவளால் போக முடியாது.

ஏனென்றால் செய்த வேலை எதையும் வெளியே காட்டமாட்டேன் என்று வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வேலையைப் பார்த்தவர் என்றால் ஒரே ஒருவர்தான். அவள் எழுதுவதைச் சரிபார்க்கும் இன்னொரு ஆள். திரையில் அவர் பெயர் 'இரண்டாம் வாசகர்'. ஆணா பெண்ணா தெரியாது. எந்த ஊர் தெரியாது. ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்: 'இவன் இவ்வளவு மரியாதையாகக் கேட்க மாட்டான்.' 'இந்தப் பெண்ணை நம்பிவிட்டேன், பயமாக இருக்கிறது.' அவளை இந்த உலகத்தில் அந்த அளவுக்கு அறிந்தவர் வேறு யாருமில்லை. அவரைத் தேடிப்பிடித்துப் பேசுவதும் ஒப்பந்தப்படி குற்றம்.

தங்கைக்கு இதெல்லாம் விளங்கவில்லை. "ஏதாவது ஒண்ண எடுத்து அனுப்புக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

"நீ ஒருத்தி தெரிஞ்சு வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போற?"

"அது இல்லடி. எந்திரம் எங்க விழுந்ததுன்னு நான் வெளிய சொன்னா, அந்த ஓட்டைய அடைக்கறதுக்குள்ள வேற யாராவது அதுலயே கைய விடுவாங்க. பாதுகாப்பு வேலைக்குப் போறதுக்காகவா பூட்ட உடைச்சிக் காட்டறது?"

"அப்ப பட்டினிச் சாமியாரா இரு," என்று தங்கை தொலைபேசியை வைத்துவிட்டாள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

பழையதைக் காட்டக் கூடாது. புதிதாக ஒன்றைச் செய்யக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. இதுவரை எந்த எந்திரத்திடமும் அனுப்பாத ஒருத்தியை உருவாக்க அவள் முடிவு செய்தாள். ஆய்வகத்தினர் இந்த ஒருத்தியை வைத்துத் தன்னை எடைபோடட்டும். அந்த வாரம் தினமும் வேலை முடிந்தபின், மகள் வருவதற்கு முந்திய மஞ்சள் நேரத்தில், அந்த ஒருத்திக்காகக் காத்திருந்தாள். முதல் நாள் அவள் வரவில்லை. இரண்டாம் நாள் சமையலறையில் தண்ணீர் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்: வயதான நோயாளி ஒருவரை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிற பெண். தூக்கித் தூக்கித் தோள் இறங்கியவள். பல மாதங்களாக ஒரு முழுத் தூக்கம் தூங்காதவள். உட்காரச் சொன்னால், "பரவாயில்லைங்க, பழகிடுச்சு," என்கிறவள்.

அவள் குரலில் வில்லி ஏழெட்டுக் கேள்விகள் எழுதினாள். நோயாளி இரவில் அமைதியில்லாமல் புரள்கிறார், என்ன செய்யலாம். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கலாமா. மூச்சு மெதுவாக வந்தால் எப்போது மருத்துவரைக் கூப்பிட வேண்டும். எப்போது கூப்பிடாமல் இருக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பால்போல இருந்தது. வரிசையாகப் படித்தால், அந்த நோயாளி காலையில் கண் விழிப்பாரா என்று கேட்கத் தோன்றியது. அந்தப் பெண் கெட்டவள் என்று எந்த வரியிலும் சொல்ல முடியாது. அவளுக்குத் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

சான்றுக்கு ஆள் வேண்டுமே. வேலையைப் பார்த்த ஒருவர் என்றுதான் கேட்டிருந்தார்கள். யாராக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை கணவரிடம் அந்தக் காகிதத்தை நீட்டினாள். அவள் செய்கிற வேலை எப்படி இருக்கும் என்று இத்தனை வருடத்தில் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெயரை வைத்தவருக்கே பெயரின் பொருள் அன்றைக்குத்தான் தெரியப்போகிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பாதியில் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"யாரு இவ?"

"நான்தான்."

"நீயா யோசிச்சே இதெல்லாம்?"

"ம்."

எதிரே இருந்த கோப்பையை அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இந்த டீய நான் நம்பிக் குடிக்கலாமா?"

"சர்க்கரை மட்டும் கம்மி."

அவர் குடித்தார். பிறகு பணிமனைக்குப் போகும் வழியில், பேருந்தில் உட்கார்ந்து, சான்றை எழுதி அவளுக்கு அனுப்பினார். அதில் இப்படி இருந்தது: 'இவர் என் மனைவி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவருடைய வேலையை இன்றுதான் படித்தேன். இத்தனை ஆண்டுகள் இவரோடு நான் பத்திரமாக இருந்ததற்கு இவருடைய நல்ல குணத்தைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். இப்படி யோசிக்கத் தெரிந்தவர்கள் உங்கள் பக்கம் இருப்பது நல்லது.' கடைசி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். நிறுத்தம் வந்து இறங்கியிருப்பார் என்று தெரிந்தும், "பாத்துப் போங்க," என்று பதில் அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு வார விடுமுறை. மதியம் சாப்பிட்டு முடித்து மேசையைத் துடைத்தார்கள். அவர் ஓரமாக உட்கார்ந்து செய்தித்தாள் மடிக்க, அவள் கேள்விகளையும் சான்றையும் சேர்த்து ஆய்வகத்தின் பக்கத்தில் ஏற்றி அனுப்பினாள். சன்னலுக்கு வெளியே மேகம் கூடியிருந்தது. அறைக்குள் எல்லாப் பொருள்களும் தண்ணீருக்கடியில் இருப்பதைப்போல மங்கலாகத் தெரிந்தன. 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு வரி வரும் என்று எதிர்பார்த்தாள். அதற்குப் பதிலாக இது வந்தது:

'நீங்கள் எழுதியதைப் படித்தேன். இதில் என்னால் உதவ முடியாது. ஆனால் இதைக் கேட்க நேர்ந்த நாள் உங்களுக்குச் சுலபமான நாளாக இருந்திருக்காது. இப்போது உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?'

"என்ன போட்டிருக்கான்?" என்றார் கணவர்.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். விண்ணப்பங்களை முதலில் படிப்பது மனிதர் இல்லை என்பது புரிந்தது. வருவதை வகைபிரிக்க ஆய்வகத்தில் ஓர் எந்திரத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். தோள் இறங்கிய அந்தப் பெண்ணை அது வேலை மாதிரி என்று எடுத்துக்கொள்ளவில்லை, நிஜமாகவே நம்பிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. அந்த வாசகங்கள் அவளுடையவை. "நான் எழுதினதுங்க இது," என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டாள்.

எப்போதோ ஒரு மதியம், குழாய் சொட்டிக்கொண்டிருந்தபோது, எந்திரம் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவள் எழுதி வைத்தவை. அப்போது 'நிச்சயமாகச் சுலபமான நாளாக இருந்திருக்காது' என்று எழுதியிருந்தாள். இரண்டாம் வாசகர் ஓரத்தில் கேட்டார்: 'நமக்கு எப்படி நிச்சயம்? ஒரு சொல் அதிகம்.' அவள் அந்தச் சொல்லை எடுத்தாள். இப்போது திரையில் அந்த இடத்தைப் பார்த்தாள். அந்தச் சொல் அங்கே இல்லை. தான் வளர்த்துக் கண்காணாத இடத்துக்கு அனுப்பிவிட்ட பிள்ளை, தன்னை அடையாளம் தெரியாமல், வாசலில் நிறுத்தி மரியாதையாக விசாரிப்பதுபோல இருந்தது.

கீழே சின்ன எழுத்தில் இன்னும் இரண்டு வரி. விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மேலே உள்ள கேள்விக்குப் பதில் எழுதினால் அலுவலர் ஒருவர் படித்துப் பார்ப்பார்; அல்லது விண்ணப்பத்தைத் திருத்தி ஐந்து மணிக்குள் மறுபடி அனுப்பலாம்.

"போன் பண்ணிச் சொல்லு," என்றார் கணவர். "ஐயா, என்னை மறிச்ச வாக்கியமே நான் எழுதினதுதான்யான்னு சொல்லு. அதைவிட என்ன சான்று வேணும்?"

"சொல்லக் கூடாதுங்க. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அதுவும் கூடாதா?" அவர் செய்தித்தாளை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார். "திருடச் சொல்லிச் சாவியக் கையில குடுத்தாலும் திருப்பிக் குடுத்துட்டு வர்ற ஆளு நீ."

தொலைபேசியில் கூப்பிட்ட தங்கையிடம் இன்னும் எளிதான வழி இருந்தது. "கெட்டதைக் கொஞ்சம் கொறச்சு அனுப்புக்கா. கொழம்புல காரம் கொறைக்கற மாதிரி. மெஷின் விட்டுடும்."

விடும் என்று அவளுக்கும் தெரியும். எவ்வளவு குறைத்தால் விடும் என்பதுகூடத் தெரியும். கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசிக் கேள்வியை நீக்கினாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் விடுப்புக் கொடுத்தாள். மாற்றாளாக ஒரு தம்பியை வரவழைத்தாள். ஓர் இரவு முழுக்கத் தூங்கவிட்டாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்தப் பெண்ணின் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது, முகம் கொஞ்சம் தெளிந்தது. கடைசியில் அவளுக்குக் கேட்க ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. சுவரிலிருந்து விலகி, "அப்ப நான் வரட்டுங்களா?" என்பதுபோலத் தலையசைத்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள். காகிதத்தில் நல்ல பெண் ஒருத்தியின் நல்ல கேள்விகள் மிஞ்சியிருந்தன. எந்த எந்திரமும் தடுக்காது. எந்த ஆய்வகமும் ஏறெடுத்துப் பார்க்காது.

திருத்தியதை அழித்தாள். பதில் எழுதுகிற கட்டத்தைத் திறந்தாள். மனநலம் குன்றியவள் என்று நினைத்து அந்த அலுவலர் தன்னை வேறு வரிசைக்குத் தள்ளிவிடலாம். ஐந்து மணிக்குள் படிக்காமலே போகலாம். இந்த ஒரு கதவும் அதோடு சரி. கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது.

விசைகளின்மேல் கையை வைத்தபோது விரல்களுக்கு வழி தெரியவில்லை. மருமகனாக, கணக்காசிரியராக, கையெழுத்துத் திருடனாக எழுதச் சொன்னால் ஓடியிருக்கும். இத்தனை காலம் எந்திரத்திடம் எவ்வளவோ பேசியிருக்கிறாள், அவளாகப் பேசியதில்லை. அவளிடம் அது கேட்டதுமில்லை. அரை வெளிச்சத்தில் சன்னல் விளிம்பைப் பார்த்தாள். யாரும் இல்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எழுதினாள்:

'கேட்டதற்கு நன்றி. நான் நலமாக இருக்கிறேன். அந்தக் கேள்விகளை எழுதியது நான். கேட்பவள் நான் இல்லை. ஆனால் அவளைப்போன்றவர்கள் வருவார்கள். அவர்கள் வரும்போது அடையாளம் தெரிய வேண்டும், கேட்க ஆள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலையைக் கேட்கிறேன். கேள்விகளைக் குறைத்து அனுப்பினால் உங்கள் வாசலைத் தாண்டிவிடும். குறைக்காமல் அனுப்புகிறேன். என் பக்கத்தில் என் கணவர் இருக்கிறார்.'

அனுப்பு என்ற சொல்லின்மேல் விரலைக் கொண்டுபோனவள் கடைசி வரியைப் பார்த்து நின்றாள். அறையில் யாரும் இல்லை. பால்கனியில் கொடியிலிருந்து துணிகளை அள்ளுகிற சத்தம் கேட்டது.

"ஏங்க," என்றாள். மூச்சைவிடக் கொஞ்சம் பெரிய சத்தம்.

"இருடி, நனையுது."

"ஒரு நிமிஷம் வாங்களேன்."

ஒரு தோளில் மகளின் துப்பட்டாவும் மறு தோளில் போர்வையுமாக அவர் வந்தார். "என்ன, போயிடுச்சா?"

"இல்ல. இங்க வந்து நில்லுங்க."

"எதுக்கு?"

"சும்மா. பக்கத்துல."

அவர் வந்து நின்றார். ஈரத் துணியின் நுனி அவள் கையில் பட்டது. இருந்தாலும் கொஞ்சம் தள்ளி நிற்பதுபோலத் தோன்றியது அவளுக்கு. அவர் சட்டையைப் பிடித்து, நாற்காலியை ஒட்டி நிற்கும்படி அருகே இழுத்து வைத்துவிட்டு, அனுப்பு என்பதை அழுத்தினாள்.